காயாத வீடு

நம் வயதினர் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியோ வீடு கட்டிய கதைக்கு வந்துவிடுகிறது. சமையல் மேடையைச் சற்றுத் தாழ்த்திப் போட்டிருக்கலாம் என்கிறீர்கள். மாடிப்படியை வீட்டுக்குள் கொண்டுவந்தது பிழை என்கிறீர்கள். மேஸ்திரியின் பேச்சைக் கேட்டு வடக்குச் சன்னலை அடைத்துவிட்டதற்காக இன்னும் ஆறாமல் இருப்பவர்களும் நம்மில் உண்டு. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். 'இருவர் சம்பாத்தியம் இருந்தும் நீங்கள் ஏன் சொந்தமாக ஒன்று கட்டிக்கொள்ளவில்லை?' என்று என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் இதுவரை வாய்க்கு வந்த பதிலைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். உண்மையான பதில் இதுதான். ஒரு வீடு எழும்புவதை அடிக்கல்லிலிருந்து பார்த்தவள் நான். அது போதும் என்று இருந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காக லாரி லாரியாகப் பாறையைக் கடலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா தோணித் தண்டல். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் பாய்மரத் தோணியொன்றுக்குத் தலைவர். தோணி வேறொருவருடையது, ஆனால் கரையை விட்டு நகர்ந்தபின் அதில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வைகாசியில் கச்சான் என்னும் மேல்காற்று பிடித்ததும் தோணிகளைக் கரையேற்றிவிடுவார்கள். கடல் அடங்கி மறுபடி பாய் விரிக்கும்வரை அப்பா வீட்டில் இருப்பார். அந்த மாதங்களில் நாங்களே அவருடைய தோணி ஆட்கள்.

அப்போது தோணி முதலாளி வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். ஒரு காலையில் அத்தை துவைத்த துணிகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாமல் அப்பாவின் கையில் வளர்ந்தவள். முதலாளியம்மா மாடிச் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஏளா, ஒங்க கந்தலையெல்லாம் அந்தால கொண்டு போயிக் காயப் போடு. வாரவுக கண்ணுல இதுதான் மொதல்ல படுது."

அத்தைக்குக் கோபம் வருவதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. அவள் இயல்பு அது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரிப்பாள். கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா சிரிக்கவில்லை. அன்று மாலையே கடற்கரைச் சாலைக்கு மேற்கே வாங்கிப் போட்டிருந்த மனையில் முளை அடித்துவிட்டு வந்தார். அத்தைக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குப் புதுத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. கடல் திறக்குமுன் கல்யாணத்தை முடித்தாக வேண்டும்.

"எந்தங்கச்சி இவன் வீட்டுப் பின்வாசல் வழியா மணவறைக்குப் போகமாட்டா. என் வீட்டு நடையில எறங்கித்தான் கோயிலுக்குப் போவா" என்றார் அப்பா.

அந்தச் சொல்லில் இருந்த அன்பை நான் இன்றும் சந்தேகிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளுக்குக் கடல்கல்தான் அக்காலத்தில் கல். தீவுகளை ஒட்டிய ஆழத்தில் சங்கு குளிப்பவர்கள் கடப்பாறையோடு இறங்கிப் பவளப்பாறையைப் பெயர்த்து வத்தை என்னும் படகில் ஏற்றி வருவார்கள். இன்றைக்கு அதைத் தொட்டாலே குற்றம். அன்று எங்கள் மனையில் அது ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. தேனடையைப் போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஓட்டைகளுக்குள் நகத்தளவு நண்டுகள் உயிரோடு இருந்தன. வெயில் ஏற ஏற அவை ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஓடுவதற்குக் கடல் இல்லாமல் கல்லின் மேலேயே செத்தன. முதல் வாரம் முழுவதும் அந்த வாடை எங்கள் தலைமுடியில் இருந்தது.

கடல்கல்லுக்கு ஒரு விதி உண்டு. கொண்டுவந்த கல்லை வெட்டவெளியில் போட்டு ஒரு முழு மழைக்காலம் நனையவிட வேண்டும். மழை அதன் ஓட்டைகளில் புகுந்து உப்பைக் கழுவி இறக்கிய பிறகுதான் சுவரில் வைக்கலாம். இது கரையில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அப்பாவுக்கு நன்றாகவே தெரியும். முந்தைய ஆண்டு அடுத்த தெருவில் ஒருவர் அவசரப்பட்டபோது, 'கல்லு குளிக்காம சுவரு ஏறப்பிடாதுலே' என்று அவரே போய்ப் புத்தி சொன்னவர். ஆனால் அந்த விதி மற்றவர்களுக்கு. பருவமழை ஐப்பசியில். கல்யாணமோ ஆவணியில்.

அம்மா ஒரே ஒரு முறை வாய் திறந்தாள்.

"ஒரு மழை நனையட்டும்னு சொல்லுவாகல்லா? கல்யாணத்த வேணும்னா இங்கனயே வச்சு..."

"ஒங்கப்பன் கட்டுன அரண்மனையப் பாத்துட்டுதான ஒன்னய இழுத்துட்டு வந்தேன். நீ எனக்குச் சொல்லித் தாரியோ?"

அம்மாவைப் பெற்ற தாத்தா வேம்பாரில் பனையோலைக் குடிசையில் இருந்தவர். அம்மா அதன்பின் கல்லைப் பற்றிப் பேசவில்லை.

வேலை தொடங்கியது. சுவரின் நேர் பார்க்கக் கொத்தனார் வைத்திருந்த தூக்குக் குண்டை அப்பா நம்பவில்லை. கடலில் ஆழம் பார்க்கும் தம்முடைய ஈயக்குண்டைக் கயிற்றோடு கொண்டுவந்து தொங்கவிட்டார். பேரிக்காய் வடிவில், அடியில் சிறு குழியோடு, பல ஆண்டுகள் கைபட்டு மழுமழுவென்றிருக்கும் அந்தக் குண்டு பிறகு எங்கே போயிற்றோ தெரியவில்லை. திசைகளையும் காற்றின் பெயராலேயே சொன்னார். கச்சான் பக்கம் அடுப்படி, கொண்டல் பக்கம் நடை, வாடைப் பக்கம் அத்தையின் அறை. உள்நாட்டுக்காரரான கொத்தனார் திணறிப்போனார்.

"தண்டலண்ணாச்சி, நாம கட்டுதது வீடா தோணியா?"

"ரெண்டும் ஒழுகப்பிடாது. அம்புட்டுதான். வேலயப் பாரும்."

அத்தை மேட்டுத்தெருக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து கலவைக்கு ஊற்றினாள். 'கல்யாணப் பொண்ணு கருத்துப் போவா' என்று அம்மா தடுத்தும் கேட்கவில்லை. தன் அறைக்கு மட்டும் ஒன்று கேட்டாள்: வண்ணக் கண்ணாடி வைத்த சன்னல். பழைய பங்களாக்களை இடிக்கும் இடமெல்லாம் அப்பா அலைந்து, சிவப்பும் பச்சையும் கலந்த ஒரு கண்ணாடிச் சட்டத்தைத் தோளில் சுமந்து வந்தார். அதைப் பொருத்திய அன்று வெயில் விழுந்து அத்தையின் ஒரு கன்னம் சிவப்பாகவும் ஒரு கன்னம் பச்சையாகவும் இருந்தது. "பாத்தியா மக்கா, அண்ணன் என்னய வேஷங்கட்டி விட்டுட்டாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அந்த இருவரும் ஒன்றாகச் சிரித்து நான் கண்டது அந்த ஒரு முறைதான். அதனால்தான் இதை விடாமல் எழுதுகிறேன்.

சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஓடு வேய்ந்து முடிந்தபோது ஆவணி பிறந்திருந்தது. எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் அறிவிப்பார். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதற்கு முந்தைய வாரத்தில் வீடு மந்திரிப்பு வைத்தார்கள்.

சாமியார் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டார் பெரிய தகர டப்பாவில் மக்ரூன் கொண்டுவந்திருந்தார்கள். நாற்காலிகள் போதவில்லை. ஆண்களும் பெண்களும் கூடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு பேசினார்கள். வெளியே கச்சான் அனலாக வீசிக்கொண்டிருந்தது. கழுவப்படாத கல்லுக்குள் இருந்த ஈரம் அந்தக் காற்றில் உலர உலர, உப்பு சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. காலையில் பளபளத்த சுவர் மதியத்தில் மாவு பூத்ததுபோல இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பருத்த உடம்பு; உரத்த குரல்; மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். கத்தரிப்பூ நிறப் பட்டுடுத்தி வந்திருந்தார். அவர் சுவரை விட்டு நகர்ந்து திரும்பியபோது முதுகு முழுவதும் வெள்ளை. யாரோ சொல்லிக் காட்டினார்கள். அவர் விரலால் தோளைத் தடவிப் பார்த்தார்.

"அட, உப்புல்லா இது! எங்க வீட்டுக்காரரு ஒரு உப்பளம் கெடைக்குமான்னு முள்ளக்காட்டுக்கும் வேம்பாருக்கும் நாயா அலையுதாரு. தண்டலு கூடத்துலயே வெளைய வச்சிட்டாரே!"

கூடம் முழுவதும் சிரித்தது. அவர் கேலி செய்தாரேயன்றிப் பழிக்கவில்லை. சம்பந்தி வீட்டில் அத்தகைய பேச்சு உறவுக்கு அடையாளம். அடுப்படி வாசலில் காபித் தட்டோடு நின்ற அத்தையும் சிரித்துவிட்டாள். கையில் தட்டு இருந்ததால் வாயை மூட முடியவில்லை. முதன்முறையாக அவள் சிரிப்பு சத்தமாக, தனியாக, எல்லாச் சிரிப்பும் அடங்கிய பிறகும் சற்று நேரம் கேட்டது.

அப்பா வேறு யாரையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

விருந்தினர் போனபின் அம்மா பாத்திரம் கழுவியபடியே கேட்டாள். "நீ எதுக்குளா சிரிச்ச?"

"சிரிப்பு வந்துட்டு மதினி. வந்தத என்ன செய்ய?"

"ஊரே சிரிக்கட்டும். நீ சிரிக்கலாமா?"

அம்மா நல்லவள். ஆனால் அந்த வீட்டில் ஒரு குற்றவாளி தேவைப்பட்டபோது, அந்தக் குற்றவாளி தான் அல்ல என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்பதை இப்போதுதான் என்னால் சொல்ல முடிகிறது.

ஞாயிறுவரை அப்பா அத்தையோடு பேசவில்லை. கோபம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தோம்.

மூன்றாம் ஓலை. கோயிலில் ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். அத்தை என் பக்கத்தில் முக்காடிட்டு முழந்தாளில் இருந்தாள். சாமியார் பெயர்களைப் படித்தார். 'தடை ஏதும் அறிந்தவர்கள்' என்று படித்தபோது ஆண்கள் பக்கத்தில் அப்பா எழுந்து நின்றார்.

"தடை இருக்கு சாமி."

ஓலை வாசிக்கையில் யாரும் அப்படி எழுந்து நின்றதை அந்தக் கோயில் கண்டதில்லை. சாமியார் தாளைத் தாழ்த்தினார்.

"என்ன தடை, தண்டல்?"

"வீடு காயல சாமி."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். சாமியார் பொறுமையாகச் சொன்னார். "வீடு காயாதது கல்யாணத்துக்குத் தடையாகாது. உக்காரு."

"எந்தங்கச்சிக்கு என் வீட்டுலதான் கல்யாணம். வீட்டுச் சுவரு இன்னும் உப்பு கக்குது. சம்பந்தி வீட்டு அம்மாவே பாத்துச் சொல்லிட்டாவ. எந்தங்கச்சியும் கேட்டுச் சிரிச்சா. காஞ்ச பொறவு ஓலை வாசிங்க சாமி. அதுவரைக்கும் அவ சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

திருச்சபைச் சட்டத்தில் இப்படியொரு தடை கிடையாது. சாமியார் ஓலையை வாசித்து முடித்திருக்கலாம். கோயில் நிறைய இருந்த பெரியவர்களில் ஒருவராவது அப்பாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம். ஆனால் தகப்பன் ஸ்தானத்தில் நிற்கும் அண்ணன் வேண்டாம் என்றபின் கரையில் யார் பெண்ணெடுப்பார்கள்? மாப்பிள்ளையின் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து தன் மகனையே பார்த்தார். எழுந்து பேசு என்று கையால் சைகை காட்டினார். மாப்பிள்ளை குனிந்து, தன் சட்டைக் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் நல்ல குணமுள்ளவர் என்றே எல்லோரும் சொல்லுவார்கள். அத்தை முக்காட்டை விலக்கி அவரைப் பார்த்தாள். அவர் தலை நிமிரும் என்று காத்திருந்தாள். நிமிரவில்லை. சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த அறிவிப்பைப் படித்தார்.

கடல் திறந்தது. தோணி ஏறப் போகுமுன் அப்பா அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "சுவத்துல உதிருதத நீ வாராத. சிரிச்சவ வாரட்டும்."

அத்தை வாரினாள். ஒவ்வொரு காலையிலும் தேங்காய்ச் சிரட்டையால் சுவரைச் சுரண்டி, உதிரும் வெள்ளைப் பொடியை முறத்தில் கூட்டி, தெருமுனைச் சாக்கடையில் கொட்டினாள். அவள் கைவிரல்கள் வெடித்தன. எங்கள் வீட்டுக்குக் காயாத வீடு என்று பெயர் விழுந்தது. தபால்காரர் முதற்கொண்டு அப்படித்தான் சொன்னார். குழாயடியில் பெண்கள் குடத்தை நகர்த்தியபடி, "என்னளா, வீடு காஞ்சிட்டா?" என்பார்கள். சிலர் பரிவோடு கேட்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. ஐப்பசியில் மழை கொட்டியது. கல்லின் மேல் விழவேண்டிய மழை ஓட்டின் மேல் விழுந்து வீணாக ஓடியது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு முறை ஆள் வந்து, பொறுத்திருக்கச் சொன்னதாகச் சொல்லிப் போனார். யார் பொறுத்திருக்க வேண்டும் என்று அத்தை கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அவள் சிரித்தோ அழுதோ நான் பார்த்ததில்லை.

எந்த உப்புக்கும் ஒரு முடிவு உண்டு போலும். சுரண்டிச் சுரண்டி, மறு கச்சான் காலத்தில் சுவர் ஓய்ந்தது. தொட்டால் கையில் ஒன்றும் ஒட்டவில்லை. அப்பாவும் அந்த முறை கடலிலிருந்து சற்றுத் தணிந்தே வந்திருந்தார். சாமியார் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசியதாலோ, ஊர் வாய்க்கு அஞ்சியோ, தம் கையாலேயே கூடத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியனுப்பியதும் அவர்தான்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு மாலையில் வந்தார். கூடத்தின் நடுவில் நின்று, வேண்டுமென்றே எல்லோரும் பார்க்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்து, கையை அப்பாவிடம் நீட்டினார்.

"பாத்துக்கிடுங்க தண்டல். பொட்டுக்கூட இல்ல. அன்னைக்கு என் வாய் சும்மா கெடந்திருக்கலாம். என் மேல உள்ள கோவத்த இந்தப் புள்ள மேல காட்டிட்டிய. போகட்டும். ஓலை வாசிக்கச் சொல்லிரலாமா?"

அப்பா உட்கார்ந்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொல்லிரலாம். காஞ்சிட்டு."

அம்மா சுவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் கூடத்தைக் கடந்து பின்வாசல் வழியாகக் கிணற்றடிக்குப் போனாள். வெட்கப்பட்டுப் போகிறாள் என்று நினைத்தோம். உருளை கீச்சிடும் சத்தம் கேட்டது. வாளியோடு திரும்பி வந்தாள். கூடத்துச் சுவருக்கு எதிரே நின்று, இரண்டு கையாலும் தூக்கி, நிறைந்த வாளியை அப்படியே சுவரில் வீசினாள். புதுச் சுண்ணாம்பு கரைந்து பால்போல வழிந்தது. அப்பாவின் வேட்டி நனைந்தது.

"இன்னும் காயல மாமி" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"ஏளா, கிறுக்குப் பிடிச்சிட்டா? ஒன் வாழ்க்கைளா இது!" என்று பதறினார் மாப்பிள்ளையின் அம்மா.

"அன்னைக்கு எங்கண்ணன் எந்திரிச்சி நின்னப்போ ஒங்க மவனும் அங்கனதான இருந்தாரு? அவுக ரெண்டு பேருக்கும் இந்தச் சுவரு போதும் மாமி. ஒருத்தருக்குத் தடை சொல்லுததுக்கு; ஒருத்தருக்கு வாய் தொறக்காம இருக்கதுக்கு. நீங்க வேற எடம் பாருங்க. என்னய இனிமே யாரும் காயப்போட வேண்டாம்."

மாப்பிள்ளையின் அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தக் கூடத்தில் அத்தைக்காக அழுதது அவர் ஒருவர்தான். அப்பா, தோணியில் ஆட்களுக்குக் கட்டளையிடும் அதே குரலில், "வாளியக் கீழ வைளா" என்றார். அத்தை வைக்கவில்லை. மறுபடி கிணற்றடிக்குப் போனாள். இரண்டாம் வாளி வந்தது. மூன்றாவதும் வந்தது. அப்பா எழுந்து தடுப்பார் என்று நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவர் எழவில்லை. புயலில் பாய் கிழிந்தபின் தண்டலுக்குக் கையில் வேலை இருக்காது என்று அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று அவர் உட்கார்ந்திருந்த விதம் அதுதான்.

மாப்பிள்ளைக்கு அந்த ஆண்டே வேறிடத்தில் கல்யாணம் ஆயிற்று. மூன்று ஓலையும் தடையில்லாமல் வாசிக்கப்பட்டன.

அப்பா அதன்பின் சுவர்களைத் தொடவில்லை. அடுத்த கச்சான் காலம் வந்து தோணிகளைக் கரையேற்றியபோது அவர் வீட்டுக்கு வரவில்லை. காவலுக்கு ஆள் வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லித் தோணியிலேயே படுத்துக்கொண்டார். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. தாம் கட்டிய வீட்டில், எல்லா நாளையும் சேர்த்தாலும், அவர் இருந்தது ஒரு வருஷத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். சாப்பாடு கொண்டுபோகும் வேலையை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டாள். நானும் சில நாள் கூடப் போயிருக்கிறேன். கரையேறிய தோணியின் நிழலில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, அவர் உண்டு முடிக்கும்வரை சற்றுத் தள்ளி வெயிலில் நிற்பாள். அப்பா தலைகுனிந்து சாப்பிடுவார். ஏதாவது சொல்ல வாயெடுப்பதுபோல ஒரு கணம் நிமிர்வார். அத்தை அதற்குள் குனிந்து வெறும் சட்டியை எடுத்துக்கொண்டிருப்பாள்.